கறுப்பி வெளியே போன நாள்

மார்ச் 24, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. காற்றும். குடை மறுபக்கம் திரும்பிவிட்டது; குப்பையில் போட்டேன்.

வேலை மாலையில்தான். காலையில் கறுப்பியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். காரின் பின் சீற்றில் என் மனுசனுடைய பழைய ஜக்கெற்றை விரித்தால்தான் ஏறும். மகாராணி.

படம் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றே ஒன்று. அதுவும் பெரியது. தாய் குட்டைக்கால் நாய், என் முழங்கால் உயரம்கூட இல்லை. குட்டியின் தலை ஒரு பெரிய தேசிக்காய் அளவு, கோழி முட்டைப் பருமன்.

வைத்தியர் இளம் பெண். ஆறுதலாகச் சொன்னார். ஒற்றைக் குட்டி என்றால் சிலவேளை தாய்க்கு நோவே தொடங்காதாம். நாள் தாண்டினால் குட்டி உள்ளேயே சாகும், தாயும் தப்பாது. நாளுக்கு முந்தி வெட்டி எடுத்தால் குட்டியால் மூச்சு விட முடியாது. ஆகவே நாள் தெரிய வேண்டும். இரத்தம் எடுத்துப் பார்த்தும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. தகப்பன் பெரிய நாய் என்றால் அளவுகளையும் நம்ப ஏலாதாம்.

எப்போது சேர்ந்தது என்று கேட்டார். எனக்கென்ன தெரியும். அதெல்லாம் வீட்டில் இவருடைய வேலை. அது ஆண் நாய் தேடுகிற அந்த மூன்று கிழமையும் கயிற்றோடுதான் வெளியே விடுவார். சனவரியில் இவரே இல்லை. அதைச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்தார், மன்னிப்புக் கேட்டார், பிறகு திரும்பவும் அதே கேள்வி.

யோசித்துப் பார்த்தால் கறுப்பி தன்பாட்டில் விடப்பட்ட நாட்கள் இரண்டு. ஒன்று, இவரை எரித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை. மற்றது அடுத்த கிழமை சனி, சாம்பல் கரைக்கக் கடலுக்குப் போனோம்; கறுப்பி பின் வளவில். முதலாவது என்றால் குட்டிக்கு நாள் இந்த வெள்ளி. இரண்டாவது என்றால் அடுத்த சனி. நடுவில் ஒரு கிழமை.

வாங்க: வெப்பமானி (அதற்குத் தனியாக!), பால், வெங்காயம், குடை.

மார்ச் 25, புதன்

காய்ச்சல் பார்த்தேன். வாயில் வைக்கிற வேலை இல்லை. பிளைஹெம் முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வயோதிபருக்குச் செய்யாத வேலை இல்லை, ஆனாலும் நாயின் வாலைத் தூக்கிப் பிடிக்க வெட்கமாக இருந்தது. இவர் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். “இப்ப தொட்டாய்தானே” என்றிருப்பார். ஆறு வருடம் நான் அந்த நாயைத் தொடவில்லை.

சூடு குறையவில்லை. குறைந்தால் ஒரு நாளுக்குள் குட்டி வருமாம்.

பக்கத்து வீட்டு கிர்ஸ்டனிடம் போனேன். அவருடைய மஞ்சள் லாப்ரடோரில்தான் சந்தேகம். அதற்கு வேலி ஒரு பொருட்டில்லை. மனுசி ஒத்துக்கொண்டார், ஒரு நாள் அது வீட்டில் இல்லையாம், ஈரத்தோடு வந்ததாம். எந்த நாள்? “உங்கள் வீட்டு வாசலில் நிறையக் கார் நின்ற நாள்.” இரண்டு நாளும்தான் கார் நின்றது. எங்கள் கிரின்ஸ்டெட்டுக்குப் பஸ்ஸில் யார் வருவார்கள். பாவம், பழைய துவாய் ஒரு கட்டுத் தந்துவிட்டார்.

மார்ச் 26, வியாழன்

வெயில், ஆனால் குளிர். கறுப்பி சோறு சாப்பிட்டது. மீன் பொரித்தது எனக்கு, தின்றது அது.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஃபோன் எடுத்தா. இவருடைய தங்கை. நாய்க் கதையைக் கேட்டுவிட்டு, பறுவத்துக்குத்தான், முழு நிலவன்றுதான் குட்டி போடும், வெட்டுக் கொத்து ஒன்றும் வேண்டாம் என்றா. பறுவம் வாற வியாழன். மூன்றாவது நாளும் கிடைத்துவிட்டது.

பிறகு வழமையான இடத்துக்கு வந்தா. செத்த வீட்டு வீடியோ.

“மூண்டு தரம் பாத்திட்டன். எல்லாரும் குழறேக்கை நீ மட்டும் யன்னலுக்கால வெளியில பாத்துக்கொண்டு நிக்கிறாய். அண்ணைக்காக ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லையே உனக்கு?”

அடுப்பில் கறி என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கோல்டிங்கிலிருந்து வந்த வீடியோக்காரத் தம்பி தந்த பென்டிரைவ் கரண்டி போடுகிற லாச்சிக்குள் கிடக்கிறது. நான் பார்க்கவில்லை. கோபம். அழாததற்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை என்பதும் கோபம். அந்த நாள் என் தலையில் இல்லவே இல்லை. யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம், ஒன்றும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

முதலாவது கணக்குப்படி இன்று. ஒன்றும் நடக்கவில்லை. சூடு குறையவில்லை. கறுப்பி படுத்து எழும்பி, படுத்து எழும்பி.

நாலு மணிக்கு வாசலில் போய் இருந்தது. இவர் ஃபாக்டரியால் வருகிற நேரம். அந்த வயிற்றையும் இழுத்துக்கொண்டு போய் இருக்கிறது. அரை மணித்தியாலம். நான் குசினியில் நின்று பார்த்தேன். இதுவும் போனால் இந்த வீட்டில் இவரைத் தேடுகிற ஆள் நான் மட்டும்தான். அதுதான் பயம். நாய்க்காக என்று வெளியே சொல்கிறேன்.

வைத்தியர் எடுத்தார். திங்களுக்குள் தானாக வராவிட்டால், முதலாவது நாள்தான் என்று நான் உறுதியாகச் சொன்னால், வெட்டலாம். உறுதி இல்லையென்றால் காத்திருக்கலாம். இரண்டும் ஆபத்து. முடிவு என்னுடையதாம். வியாழனிலிருந்து ஈஸ்டர், பூட்டு.

வேலைக்குச் சுகமில்லை என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

மார்ச் 28, சனி

துசி வந்தான், ஓகூஸிலிருந்து. மகன் வந்தால் வீட்டில் டெனிஷ்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் டெனிஷில் பதில். கறுப்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்தான். அசைகிறதாம். நானும் வைத்தேன். ஓம், அசைகிறது.

எல்லாம் சொன்னேன். வீடியோவில் வீட்டையும் எடுத்திருக்கிறார்கள், வளவு தெரியும் என்றான். தன்னுடைய ஃபோனிலும் இருக்கிறதாம். இடைக்கிடை பார்ப்பானாம், அப்பாவின் முகம் வருகிற இடத்தை மட்டும்.

எனக்கு அது தெரியாது. பார்க்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். இறைச்சி ஆக்கினேன், உறைப்புக் கூடிவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

கடிகாரம் ஒரு மணி முன்னுக்கு. ஃபோன் தானாக மாறியது. குசினி அவண் அடுப்பின் கடிகாரம் மாறவில்லை. அதை மாற்றுவது இவர்தான். எந்தப் பொத்தான் என்று தெரியாது.

கறுப்பி காலையில் சாப்பிடவில்லை. மூச்சு வாங்குகிறது. சூடு நேற்றுப் போலவே. மத்தியானம்வரை பொறுத்தேன். பிறகு நானே லாச்சியைத் திறந்து பென்டிரைவை எடுத்துத் துசியிடம் கொடுத்தேன்.

ரீவியில் போட்டான். சவப்பெட்டி வருகிற இடத்தை நான் சொல்லாமலே தாண்டினான். வீடு. வாசலில் சப்பாத்துக் குவியல். இவருடைய படம், விளக்கு. கோல்டிங்கிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும் வந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குழறுகிறார்கள். கமரா அவர்களை விட்டு அசையவில்லை. அவர்களுக்குப் பின்னால் பெரிய யன்னல். யன்னலுக்கு வெளியே புல்லில் கறுப்பி. அதோடு மஞ்சள் நாய். இரண்டும் கொளுவுண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

துசி நிறுத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். இவர் படத்துக்கு முன்னால் அவ்வளவு அழுகை, பின்னால் இந்தக் கூத்து.

பிறகுதான் யன்னலடியில் நின்ற ஆளைக் கண்டேன். வெள்ளைச் சீலை. பாதி முகம். நான்.

திரும்பப் போடச் சொன்னேன். நான் அசையவில்லை. ஒருத்தி வந்து தோளைத் தொடுகிறாள், திரும்பவில்லை. இரண்டு நாயும் பிரிந்து போகும்வரை நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கண்டிருக்கிறேன். முழுவதையும் கண்டிருக்கிறேன். ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விக்குப் பதில் என் கண்ணில்தான் இருந்திருக்கிறது. இப்போதும் அதில் ஒரு துளி ஞாபகம் இல்லை.

வைத்தியரின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, முதலாவது நாள்தான் என்றேன். நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

துசி வேலைக்குப் போகவில்லை. அவன்தான் கார் ஓட்டினான். நான் பின் சீற்றில், கறுப்பியின் தலை மடியில். ஜக்கெற்றில் இன்னும் இவருடைய மணம் கொஞ்சம் இருக்கிறது.

வைத்தியர் ஊசிக்கு முன் கடைசியாகக் கேட்டார், நாளில் சந்தேகம் இல்லையே, கணக்குப் பிழை என்றால் குட்டி தப்பாது என்று. இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்றார்.

“நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.”

ஊசியை எடுத்தார்.

வெளியே இருந்தோம். அங்கே கோப்பி வெந்நீர்தான். பிறகு உதவியாளர் துவாய்க்குள் ஒன்றைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் வைத்துத் தேய்த்தார். ஆண். மஞ்சள். தேய்க்கத் தேய்க்கச் சத்தம் இல்லை. துசி என் கையைப் பிடித்தான். தமிழில் கேட்டான்.

“ஏனம்மா அது அழேல்லை?”

“அழாட்டிப் பரவாயில்லை. மூச்சு விடுது, பார்.”

விட்டது. விலா ஏறி இறங்கியது. கறுப்பியும் தப்பிவிட்டது, மயக்கம் தெளிய நேரமாகும்.

இரண்டையும் ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியில் காரை நிறுத்தச் சொன்னேன். துசி ஓரம் கட்டினான். இறங்கி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக அழுதேன், வாய்விட்டு, நெடுநேரம். மச்சாள் பார்க்க ஆசைப்பட்டது. வீடியோக்காரத் தம்பிதான் பக்கத்தில் இல்லை.