உன்னைக் கேட்டு வைக்கும் கைநாட்டு

எனக்கு முன்னே பிறந்து, எனக்கு முன்னே நின்ற ஞானாபரணம் அண்ணனுக்கு,

நான்தான், தாசையன். சுகமாக இருக்கிறேன். எனக்கு எழுத்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். என் இளைய மகள் ஸ்டெல்லா எதிரே உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போடாமல் அச்சுத் தமிழாக்கிவிடுகிறாள். கேட்டால், "பெரியப்பாவுக்குப் போற கடிதமாக்கும் அப்பா. தப்பிருந்தா அவரு சிவப்பு மையில வட்டம் போடுவாரு" என்கிறாள். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நீ. பிழை இருந்தால் அவளைத் திட்டு, என்னை விட்டுவிடு.

நீ கர்த்தரிடம் போய் ஒன்பது கிறிஸ்துமஸ் கழிந்தது. பொழியூரில் கடல் இன்னும் கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. காரோடு ஊர் வழியாக நாலுவழிச் சாலை வந்துவிட்டது. நாம் மரச்சீனிக் கிழங்கு நட்ட மேட்டில் நின்றால் லாரிகளின் இரைச்சல் கேட்கும். தனுவச்சபுரத்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு வார்த்தை தமிழிலும் மறுவார்த்தை மலையாளத்திலும் சிரித்துப் பேசுகிறார்கள். தமிழ்நாடா கேரளமா, எந்தப் பக்கம் சேருவது என்று இந்த மண்ணில் அடிதடி நடந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. கண் மங்கிவிட்டது. ஓர்மை மட்டும் மங்கவில்லை. அது மங்கியிருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது.

இப்போது ஸ்டெல்லாவின் சங்கதியைக் கேள். பெங்களூரில் நர்ஸாக இருந்தாளே, அங்கே மார்மன் சபையில் சேர்ந்துவிட்டாள். ஓய்வு பெற்று என்னோடு இருக்க வந்தவள், வந்த அன்றைக்கே சாயாவை வேண்டாம் என்றாள். அந்தச் சபையில் சாயாவும் காப்பியும் குடிக்க மாட்டார்களாம். நம் வீட்டில் சாயா குடிக்காத ஒரு ஜீவன்!

"ஒரு துள்ளி கட்டன்சாயா குடிச்சா கர்த்தருக்குக் கோவம் வருமாட்டி?" என்று கேட்டேன்.

"கோவமொண்ணும் வராது. நான் வாக்கு கொடுத்திருக்கேன் அப்பா. சுக்குத்தண்ணி போட்டுக் குடிச்சிடுதேன்."

கொடுத்த வாக்குக்காகச் சாயாவை விடுகிறவளை நான் என்ன சொல்ல? அவர்கள் திருவிருந்தில் திராட்சரசம் கிடையாதாம், அப்பமும் தண்ணீரும்தானாம். கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்களாம். பாவம் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு எதைக் கழுவுவது என்று கேட்கிறாள். நம் மிஷன் சபையின் போதகரிடம் சொன்னேன். "அது நம்ம உபதேசம் இல்ல, தாத்தா" என்றார். அதை நானும் அறிவேன். ஆனாலும் சாயங்காலம் தோறும் அவளும் நானும் முற்றத்தில் நாற்காலி போட்டுத் தர்க்கம் செய்கிறோம். நல்ல பொழுதுபோக்கு. நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் மடக்கியிருப்பாய்.

போன வாரம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மரித்துப்போனவர்களுக்காகவும் அவர்கள் ஞானஸ்நானம் எடுப்பார்களாம். உயிரோடிருக்கிற ஒருவர் அவர்களுடைய ஆலயத்தில் தண்ணீருக்குள் இறங்கி, மரித்தவரின் பெயரில் முழுகி எழுவார். அவள் உன் பெயரைக் கொடுக்க விரும்புகிறாள். உனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. உயிரோடிருக்கிற நெருங்கிய இரத்தம் நான் ஒருவன்தான். அதனால் என் சம்மதம் வேண்டுமாம்.

"அப்பாக்க கைநாட்டு ஒண்ணு போதும்" என்றாள்.

உன் பெயருக்கு என் கைநாட்டு! என் இடது பெருவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டது, அண்ணா.

"அவனுக்கு ஞானஸ்நானம் எப்பவோ கழிஞ்சாச்சு மக்களே. அம்மைக்க தோளுல கெடந்து கோயிலே இடியிற மாதிரி கத்தினான்னு சொல்லுவாவ" என்று மழுப்பினேன்.

"இருக்கட்டும் அப்பா. நாங்க பேரைக் கொடுக்கியது மட்டுந்தான். வேணுமா வேண்டாமான்னு சொல்லுயது பெரியப்பாக்க இஷ்டம். அந்த உலகத்துல அவரு வேண்டாம்னு சொன்னா வேண்டாந்தான்."

"வேண்டாம்னு சொல்லலாமா?"

"பின்ன? கட்டாயப்படுத்தினா அது விசுவாசமா?"

அந்த வார்த்தை என்னை நிறுத்தியது. ஒருமுறை உன் பெயரை நான் கொடுத்தபோது, வேண்டாம் என்று சொல்ல உனக்கு வழியே வைக்கவில்லை. ஆகவே இந்த முறை உன்னைக் கேட்கிறேன். கேட்பதற்கு முன்னால் பழையதைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். எழுதுகிறவளுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். நீ மலை எஸ்டேட்டில் வேலைக்குப் போயிருந்தாய். நான் மேட்டில் மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றேன். கிழக்கிலிருந்து இரண்டு பேர் ஒரே சைக்கிளில் வந்தார்கள். தமிழ் பேசும் இடமெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும், மறியலுக்கு ஆள் திரட்டுகிறோம், சம்மதமானால் பெயரைச் சொல்லும் என்றார்கள். அவர்கள் பேசப் பேச எனக்கு உடம்பு புல்லரித்தது. அவர்களில் ஒருவனாக இருக்க ஆசை வந்தது. கூடவே பயமும் வந்தது. அப்போதுதான் எனக்குப் பெண் பேசி உறுதி செய்திருந்தார்கள். போலீஸ் கேஸில் மாட்டினால் பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள்.

"பேரு என்ன?" என்று கேட்டான் தாள் வைத்திருந்தவன்.

"ஞானாபரணம்" என்றேன்.

நீ ஊரிலேயே இல்லை. இல்லாத ஆளை யார் பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். மைப்பெட்டியில் விரலை அமுக்கி, உன் பெயருக்கு நேரே வைத்தேன். அரிவாள் பட்ட தழும்பு குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்தது. உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது கூட அப்போது என் புத்தியில் வரவில்லை.

அந்தத் தாள் எப்படியோ போலீஸ் கையில் சிக்கியது. அதே வாரம் நீ அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தாய். பையைக் கூட இறக்கவில்லை. மூன்று போலீஸ்காரர்கள் முற்றத்தில் ஏறினார்கள்.

"ஆராடா ஞானாபரணம்?"

"நானாக்கும் சாரே."

"இது நின்றெ விரலடையாளமாணோ?"

நீ தாளைப் பார்த்தாய். குறுக்கே விழுந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தேன்.

"அதே சாரே."

"எழுத்து அறியாமோடா?"

எழுதத் தெரியுமா என்று கேட்ட அந்த இடத்தில் நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டியிருந்தால் போதும். எழுதத் தெரிந்தவன் எதற்குக் கைநாட்டு வைத்தான் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். அடுத்து நின்றவனின் விரலைப் பிடித்துப் பார்த்திருப்பார்கள். ஊரிலேயே அழகாக எழுதுகிற என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அறிஞ்ஞூடா சாரே" என்றான். எழுத்தே தெரியாது என்றான். ஒத்துக்கொண்டவனின் விரலை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீ திரும்பி வந்தாய். ஸ்டேஷனில் விழுந்த அடியில் இடது காது கேளாமல் போயிற்று. அடுத்த மாதம் என் கல்யாணத்தில், இன்னும் வீக்கம் வடியாத கன்னத்தோடு பந்தியில் நின்று பரிமாறினாய்.

இந்த இடத்தில் ஸ்டெல்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது உள்ளதா அப்பா?"

"உள்ளது."

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ போற வரைக்கும் நான் சொல்லல்ல."

"அப்பம் அந்தக் கல்யாணம் நடக்கதுக்கும் நான் பொறக்கதுக்கும் பெரியப்பாக்க காது போயிருக்கு" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மேல சொல்லுங்க, எழுதுதேன்" என்றாள். உன் தம்பி மகள் கெட்டிக்காரி.

ஊர் உன்னை 'மறியல் ஞானாபரணம்' என்று கூப்பிட்டது. நீ மறியல் நடந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. "எந்தப் பக்கம் சேத்தாலும் மரச்சீனிக்கு நாமதான் மண்ணு வெட்டணும்" என்று சொல்லிச் சிரித்தவன் நீ. சாயாக்கடையில் பக்கத்து வீட்டுத் தங்கையன் உன்னை மடக்கினானே, ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு நல்லா எழுதத் தெரியுமேடே, பின்ன எதுக்கு கைநாட்டு வெச்ச?"

"அன்னைக்கு கையில பேனா இல்லடே. விரல் இருந்து" என்றாய் நீ. கடை முழுதும் சிரித்தது. என் கையிலிருந்த சாயா மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மேட்டில் நாம் இரண்டு பேரும் மரச்சீனிக் கம்பு நட்டுக்கொண்டிருந்தோம். உன் இடப்பக்கம் வந்து நின்று, "அண்ணா, அந்தக் கைநாட்டு எனக்கதாக்கும். என்னைப் பொறுத்துக்க" என்றேன். கேளாத காது என்று தெரிந்துதான் அந்தப் பக்கம் நின்றேன். நீ நிமிரவில்லை. கொஞ்சம் கழித்து, "எலே மக்கா, நீ நட்ட வரிசை கோணலா இருக்கு. பிடுங்கி நேரா நடு" என்றாய். பிடுங்கி நேராக நட்டேன். உனக்குக் கேட்டதா, அண்ணா? இத்தனை வருடமாக இதை நான் யாரிடம் கேட்பது?

ஆனால் ஒன்று சொல்வேன். என் விசுவாசத்தில் எனக்குத் தள்ளாட்டம் கிடையாது. குருசில் ஒருவர் தங்களுக்குப் பதிலாக நின்றார் என்று மற்றவர்கள் கோயிலில் கேட்டு விசுவசித்தார்கள். நான் நம் முற்றத்தில் கண்டு விசுவசித்தேன். குற்றமில்லாதவன் ஒருவன் 'நானாக்கும்' என்று சொல்லி முன்னே போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போதகர் பாவநிவாரணம் என்று பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முதுகுதான் தெரியும், மூன்று போலீஸ்காரர்களுக்கு நடுவே நடந்து போகிற முதுகு. நான் மன்னிக்கப்பட்டவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொண்டு, அதற்குமேல் ஒன்று சொன்னாள். அவர்கள் சபையில் கெத்செமனே தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசுவார்களாம். கர்த்தர் இரத்தமாக வியர்த்தது அங்கேதான்.

"அங்க அவரு சுமந்தது பாவம் செய்தவனுக்க பாவத்த மட்டும் இல்ல அப்பா. அடிபட்டவனுக்க வலியையும் சேத்தாக்கும். நோவு, நோய், அவமானம், எல்லாம். நாங்க அப்படித்தான் விசுவாசிக்கோம்."

"அப்பம் அண்ணனுக்க காது?"

"அதுவும் உண்டு."

இத்தனை வருடமும் என் பாவத்தையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கழுவப்பட்டேனா, கழுவப்பட்டேனா என்று என்னையே பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனில் அந்த நாட்களில் உன்னோடு யார் இருந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்த அடி உன் காதில் விழுந்தபோது அது அவருக்கும் தெரிந்திருந்தது என்றால், அங்கே நீ தனியாக இல்லை. இதை நான் மார்மன்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று போதகர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. என் சபையை நான் விடப்போவதில்லை. நல்லதை எங்கே கேட்டாலும் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் உண்டு.

இன்னொன்றும் சொன்னாள். மனந்திரும்புதல் என்றால் மனசுக்குள் அழுவது மட்டும் இல்லையாம். செய்ததை வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும், கோணலாக்கியதை நேராக்க வேண்டும். "அதை அண்ணன் மேட்டுல வெச்சே சொல்லிட்டான் மக்களே" என்றேன். பிடுங்கி நேராக நடு என்று.

ஆகவே நான் செய்யப்போவதைக் கேள். வருகிற ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்பேன். அந்தக் கைநாட்டு என்னுடையது, மறியல் ஞானாபரணம் மறியலுக்குப் பெயர் கொடுக்கவே இல்லை, தம்பிக்காக வாயை மூடினான் என்று சொல்வேன். இந்தக் கடிதத்தைச் சபையின் மாதப் பத்திரிகையில் போடச் சொல்லியும் கொடுப்பேன். ஊர் என்னைப் பற்றி என்ன பேசினாலும் பேசட்டும். எனக்கு இரண்டு காதும் கேட்கும், கேட்டுக்கொள்கிறேன்.

அது முடிந்த பிறகு ஸ்டெல்லாவின் தாளில் விரலை வைப்பேன். உன் பெயர் மேலே இருக்கிறது. கீழே, சம்மதம் தருகிறவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாள். மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று தடவையும் தாசையன் என்றுதான் வாசித்தாள். தழும்பு இன்றும் குறுக்கே வெள்ளையாகத்தான் விழும். நீ பார்த்தால் அறிவாய்.

உனக்குப் பிரியமானால் ஏற்றுக்கொள். அம்மையின் தோளில் வாங்கிய தண்ணீரே போதும் என்றால் வேண்டாம் என்று சொல். ஸ்டெல்லா வருத்தப்பட மாட்டாள். இந்த முறை யாருக்காகவும் வாயை மூடாதே, அண்ணா.

எனக்கும் இனி அதிக நாள் இல்லை. உயிர்த்தெழும்போது எல்லா உறுப்பும் சுகமாகிவிடும், பெரியப்பாவுக்கு இரண்டு காதும் கேட்கும் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். அப்படியே ஆகட்டும். ஆனாலும் நான் வந்ததும் உன் வலப்பக்கம்தான் வந்து நிற்பேன். இதே வார்த்தைகளை உரக்கச் சொல்வேன்.

உன் பின்னே பிறந்த உடன்பிறப்பு,
தாசையன்
(என் இடது பெருவிரல், என் பெயருக்கு நேரே)