மில் முடிச்சு

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து மழை, விட்டு விட்டு. கொடியில் போட்ட துண்டு இரண்டு நாளாகக் காயவில்லை. வாட்ச்மேன் வேலை பார்க்கும் கோடவுனுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

தினமும் எத்தனை வரிசை பின்னினேன் என்று எழுதி வைக்கச் சொல்கிறாள் பிலோமினா. மனதில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "பூட்டு போட்டமான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளு நீங்க. எழுதுங்க" என்றாள். கட்டிய மனைவி சொன்னால் சரிதான். எழுதுகிறேன்.

விஷயம் இது. மகள் ஜோஸ்லினுக்குப் பிப்ரவரியில் பிரசவம், பாரீஸ் பக்கத்தில். பிள்ளைக்கு ஞானஸ்நானப் போர்வை இங்கிருந்து போக வேண்டும். வெள்ளைக் கம்பளி நூல், கையால் பின்னியது. பிலோ வீட்டு வழக்கம். கான்வென்டில் சிஸ்டர்களிடம் கற்ற வேலை அவளுக்கு. ஜோஸ்லினுக்குப் பின்னிய போர்வை, புயல் வருஷம் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்தபோது பெட்டியோடு போயிற்று. புதிதாக ஒன்று ஆரம்பித்துப் பன்னிரண்டு வரிசை போட்டாள். புற்றுநோய்க்கு நான்காவது தடவை மருந்து ஏற்றிய பிறகு விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. ஊசி கையில் இருக்கிறதா, கீழே விழுந்ததா, கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறாள்.

ஆக, மீதி நான். மொத்தம் 140 வரிசை. எதிர்வீட்டு ஆல்பர்ட் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, டிசம்பர் 13 பாரீஸில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். அவர் பெட்டியில் இடம் சொல்லியாகிவிட்டது.

இன்று வ. 13, 14, 15. மூன்று வரிசைக்கு மூன்று மணி நேரம். ஊசி சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் பிலோ.

நவம்பர் 19, புதன்

வெயில். கோடவுன் போனேன். ஊர் எல்லை மேட்டுப்பாளையத்தில் லாரி குறைவு. கேட் பக்கம் நாற்காலி போட்டு வ. 18 முதல் 22 வரை.

பிலோ சொன்னவை, மறக்காமல் இருக்க:
நூல் முன்னால் இருந்தால் புரட்டுக் கண்ணி, பின்னால் இருந்தால் நேர்க் கண்ணி.
வரிசையின் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்று. ஓரம் நேராக நிற்கும்.
வரிசை நடுவில் எழுந்து போகாதே.
இழுக்காதே. இழுக்காதே. இழுக்காதே.

கடைசியைத்தான் என்னால் முடியவில்லை. மில்லில் தறி ஓட்டிய காலத்தில் பாவு நூல் தொய்ந்தால் சூப்பர்வைசர் அம்மாவை இழுப்பான். அந்தப் பயம் இன்னும் விரலில் இருக்கிறது. கண்ணி இறுகிப் போய் ஊசி நுழைய மறுக்கிறது. லாரி டிரைவர் ஒருத்தன் பார்த்துவிட்டு, "என்னா பெரியவரே, அடுத்தது பூக்கட்ட போவீங்களா?" என்றான். உன் சட்டைத் தையல் அக்குளில் விட்டிருக்கிறது, அதைப் போய்ப் பார் என்றேன். நிஜமாகவே விட்டிருந்தது.

நவம்பர் 22, சனி

மூட்டம். பிலோ காலையில் இரண்டு இட்லி, பிறகு வாந்தி. வைத்திக்குப்பத்து மீன்காரம்மா வாசலில் கூவினாள். வாடை ஆகவில்லை என்று பிலோ ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சங்கரா மீனுக்கு உயிரை விடுகிறவள்.

வ. 34. இலை டிசைன் ஆரம்பம். நூலை ஊசிமேல் ஒரு சுற்று சுற்றி, அடுத்த இரண்டு கண்ணியையும் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் அங்கே ஓட்டை விழும். அந்த ஓட்டைகள் சேர்ந்துதான் இலை. தறியை விட்டபின் பதினெட்டு வருஷம் துணி பார்க்கிற மேஜையில் உட்கார்ந்து, ஓட்டை இருக்கிறது என்று பீஸ் பீஸாகத் தள்ளியவன் நான். இந்த வயதில் ஓட்டை போடப் படிக்கிறேன்.

நூல் பழைய சரக்கு, அங்கங்கே அறுகிறது. வ. 33இல் முதல் தடவை அறுந்தது. மில் முடிச்சுப் போட்டேன், வாலை ஒட்ட நறுக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள். இத்தனை வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. எங்கே முடிச்சு என்று எனக்கே தெரியவில்லை. பிலோவிடம் துணியைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, சமமா வருது" என்றாள். பெருமையாக இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்கு டோக்கன். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். சின்ன வயசு. "இனிமே மருந்து ஏத்த வேணாங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். வீட்டுல நல்லாப் பாத்துக்குங்க." அவர் கோட்டுப் பையில் ஒரு மூலைத் தையல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோவில் பிலோவிடம் சொன்னேன், ஒரு மாசம் ஓய்வு கொடுத்திருக்கிறார் என்று. "சரி" என்றாள். அவள் எதற்கும் வெறும் "சரி" சொல்கிறவள் இல்லை.

வ. 49. அறுந்தது இன்று இரண்டு இடம்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை இல்லை. கோயிலுக்கு நான் மட்டும். திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் எல்லோரும் பிலோவைக் கேட்டார்கள். நல்லா இருக்கா என்றேன், ஒன்பது பேரிடம்.

மதியம் ஜோஸ்லின் வீடியோ போட்டாள். ஸ்வெட்டரைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். "இன்னா உதை உதைக்குது பாரும்மா." பிலோ போர்வையைப் போனுக்கு நேராகப் பிடித்து, பிள்ளை தலை எங்கே வரும், கன்னம் எந்தப் பக்கம் படும் என்று விளக்கினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிலோ அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாள்.

வ. 61. கை இப்போது தானாக ஓடுகிறது.

டிசம்பர் 3, புதன்

பதினொரு மணிக்குக் கோடவுனில் போன் வந்தது. ஜோஸ்லின். அங்கே விடியற்காலை.

"ப்பா. துடிப்பு இல்லன்றாங்கப்பா."

எனக்கு விளங்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன். என்ன மடத்தனம். அப்படியா கேட்பான் ஒருத்தன்.

"நேத்து காலையிலேர்ந்து அசையல. ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நாளைக்குப் பிரசவம் மாதிரியே வலி வரவெச்சி எடுக்கணுமாம். அம்மாகிட்ட சொல்லாதப்பா. சத்தியமா சொல்லாத. அவ இதை நெனச்சிதான் சோறு துன்றா."

மாப்பிள்ளை போனை வாங்கினார். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அதற்குள் லாரி வந்தது. நம்பர் எழுதினேன். கேட்டைத் திறந்தேன். மூடினேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் பிலோ, "எத்தினி வரிசை?"

நாலு என்றேன். அவ்வளவும் போன் வருவதற்கு முன்னால் பின்னியது. வ. 71.

டிசம்பர் 5, வெள்ளி

பெண் குழந்தை. நேற்று. மாப்பிள்ளை இரண்டே வரி மெசேஜ். பார்த்தேன், அழித்துவிட்டேன்.

பொய்கள்: ஜோஸ்லினுக்குத் தொண்டை கட்டு, பேச முடியாது. போன் கேமரா உடைந்துவிட்டது. அங்கே குளிர் அதிகம், சீக்கிரம் படுத்துவிடுகிறாள்.

பின்னாமல் இருக்க முடியவில்லை. நிறுத்தினால் பிலோ கேட்பாள். யாருக்குப் பின்னுகிறேன்? கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி எண்ணிக்கொண்டே வருகிறாள், "இப்ப சுத்து, இப்ப ரெண்டைச் சேரு." சுற்றுகிறேன். சேர்க்கிறேன். இலைகள் அழகாக விழுகின்றன. அதுதான் தாங்கவில்லை. கோணல் மாணலாக வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று தடவை நூல் அறுந்தது. வ. 80.

டிசம்பர் 8, திங்கள்

அடை மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். இரண்டு பேரும் வீட்டில்.

வ. 96 முடித்து அவள் பக்கத்தில் வைத்தேன். கையால் தடவினாள். பிறகு என்ன நினைத்தாளோ, எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். கை நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தேய்த்தாள். திரும்பக் கை நின்றது.

"இது என்னா, குருணை மாதிரி?"

நான் நூலுருண்டையை எடுத்துச் சுற்றினேன்.

"முடிச்சா? முடிச்சுப் போட்டீங்களா?"

மில் முடிச்சுதான், கண்ணுக்கே தெரியாது என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது. புள்ளை கன்னத்துக்குத் தெரியும். ஒட்ட நறுக்கி வேற வெச்சிருக்கீங்க. ரெண்டு தரம் துவைச்சா முடிச்சு கழண்டுக்கும், கண்ணி ஓடிடும். இது தறித் துணி இல்லைங்க. அறுந்தா பழைய நூலையும் புது நூலையும் சேத்துப் புடிச்சி ஆறு கண்ணி பின்னணும். வாலை நீளமா விட்டு, கடைசியில ஊசியில கோத்து உள்ள ஓட்டணும். என் கை நல்லாயிருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பேன்." விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். "எதுலேர்ந்து?"

முப்பத்து மூன்று என்றேன்.

"பிரிச்சிடுங்க."

அறுபது வரிசைக்கு மேல். அப்போதுதான் சொன்னேன், வாய் தவறி அல்ல, அலுத்துப் போய்ச் சொன்னேன்: "இருக்கட்டும் விடு பிலோ. யாரு பாக்கப் போறா."

அவள் போர்வையை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஒரு இழை விட்டிருந்தா முழு பீஸையும் தள்ளிட்டு, முதலாளியோடவே சண்டை போட்டு, மெமோ வாங்கிட்டு வந்த ஆளு நீங்க. என் கல்யாணப் புடவையில குத்தம் கண்டுபுடிச்சவரு." மூச்சு வாங்கினாள். "புள்ளைக்கு என்னா ஆச்சு?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எனக்குத்தான். அவளுக்கு வரவில்லை.

"ஆணா, பொண்ணா?"

பெண் என்றேன்.

"எதுல சுத்துனாங்களாம்?"

அது எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் போன் போடச் சொன்னாள். பிலோ பேசிய முதல் வார்த்தையிலேயே ஜோஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரியும் என்று. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டு பக்கமும் அழுகை. நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். காதில் விழுந்தது:

"எவ்ளோ நீளம் இருந்தா?"
"ஒரு முழம்கூட இல்லம்மா."
"முடி?"
"நெறைய."
"எதுல சுத்துனாங்க?"
"ஆஸ்பத்திரியில ஒரு துணி குடுத்தாங்க. மஞ்சக் கலர்."
"பஞ்சா, கம்பளியா?"
"தெரியலம்மா. மெல்லிசா இருந்திச்சி."

நேற்றே அடக்கம் ஆகிவிட்டதாம். அங்கே பனி விழுகிறதாம்.

நான் பயந்தபடி அவள் ஒடிந்து போகவில்லை. மதியம் கஞ்சியைக் கையால் தள்ளிவிட்டு, "பிரிக்க ஆரம்பிங்க" என்றாள். இப்போது எதற்கு என்றேன். போர்வையை எடுத்து என் மடியில் வைத்தாள். பிரித்தேன். ஒவ்வொரு முடிச்சிலும் நூல் சிக்கி நின்றது. முடிச்சுகளை வெட்டி ஒரு தட்டில் போட்டேன். ஒன்பது.

டிசம்பர் 11, வியாழன்

வ. 32 வரை பிரித்தாயிற்று. நூல் நெளிநெளியாக நிற்கிறது. நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன், காயவில்லை.

சாயந்திரம் ஆல்பர்ட் அண்ணன் வந்தார், பெட்டி கட்டுவதற்கு முன் பார்சலை வாங்கிக்கொள்ள. அவருக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. "ரெடியா தங்கச்சி? எடை எவ்ளோ வரும்?"

"உங்களுக்குச் சிரமம் வேணாம்ணே. நானே எடுத்துட்டுப் போறேன்" என்றாள் பிலோ.

"அட, விசாவெல்லாம் ஆயிடிச்சா? சொல்லவே இல்லியே! பியான், பியான்" என்று பிரெஞ்சில் பாராட்டிவிட்டு என் முதுகில் தட்டினார். உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"டாக்டரு வராந்தாவுல உங்களைக் கூப்பிட்டுச் சொன்னப்பவே தெரியும். எனக்கு என்னா, கண்ணும் மரத்துப் போச்சா?" என்றாள். பிறகு சத்தம் குறைத்து, விலை பேசுவது போல நிதானமாக: "என்னை அடக்கம் பண்ற பொட்டியில எனக்குப் பக்கத்துல போர்வையை வெச்சிடுங்க. மார்ல வெக்காதீங்க, பக்கத்துல. புள்ள மெல்லிசுத் துணியில கெடக்குது. நான் போயி அதுக்குச் சுத்தி விடுறேன். முடிச்சு இல்லாம பின்னுங்க. சீக்கிரம்."

சரி என்றேன்.

டிசம்பர் 13, சனி

ஆல்பர்ட் அண்ணன் விடியற்காலை காரில் கிளம்பிவிட்டார். தூறல். பிலோவுக்குக் காலை மாத்திரை ஒன்று கூட்டிக் கொடுத்தேன். தண்ணீர் மட்டும் இறங்குகிறது.

நூல் முழுக்கக் காய்ந்துவிட்டது. நான்தான் அவளிடம் பாதி இன்னும் ஈரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நூல் ஒரு இடத்தில் அறுந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஆறு கண்ணி, வாலை நீளமாக விட்டு. அவள் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். "ம். இப்ப சரி" என்றாள். "எத்தினி ஆச்சி?"

"ரெண்டு."

"ரெண்டா? போன வாரம் ஒரு நாளைக்கு அஞ்சு, ஆறு போட்டீங்களே."

கை வலிக்கிறது என்றேன். கையில் வலியெல்லாம் இல்லை.

வ. 33, 34. நாளைக்கு ஒன்று போதும்.