முழுப்பரீட்சை வரைக்கும்

அத்தை,

போன வாரம் குரோம்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, இடது கண்ணை மூடச் சொல்லி, எதிரே மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள் நர்ஸ் பெண். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அதையே உரக்கப் படித்துவிட்டுப் போயிருந்தார். கடைசி இரண்டு வரிகள் எனக்குப் புகையாகத்தான் தெரிந்தன. ஆனால் அவர் சொன்ன வரிசை காதில் இருந்தது. அப்படியே ஒப்பித்துவிட்டேன். "சூப்பர்ம்மா, கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்களே" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒழுங்காப் படி ஸ்டெல்லா. எங்கம்மா மாதிரி பண்ணாதே."

அன்றிலிருந்து மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். பேசியது போதும், எழுதிவிடலாம் என்று தோன்றியது. இது உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் கடிதத்துக்கு அவசியம் வரவில்லை.

நாம் பிரியத்தோடு தொடங்கியவர்கள் இல்லை. நீங்கள் புராட்டஸ்டண்ட், நாங்கள் கத்தோலிக்கர்கள். ராயபுரத்திலிருந்து ஒரு கத்தோலிக்கப் பெண் உங்கள் ஒரே மகனுக்கு மனைவியாக வருவதை நீங்கள் விரும்பவில்லை. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக இருந்த அவர் ஒன்றரை வருஷம் பிடிவாதம் பிடித்துத்தான் உங்களைச் சம்மதிக்க வைத்தார். அறுபதுகளின் கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கல்யாணம். கொடைக்கானலில் நான்கு நாள். திரும்பி வந்து மேற்குத் தாம்பரம் வீட்டில் பெட்டியை இறக்கியபோது நீங்கள் வாசலுக்கு வந்து, "சாமு, பிரயாணம் நல்லா இருந்துச்சா?" என்று மகனை மட்டும் கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் பேசிக்கொண்டு முன்னால் வந்தார், நான் பேசாமல் பின்னால் நின்றேன். நான் நின்றதே உங்களுக்குத் தெரியவில்லை என்று அன்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தது மூன்றாம் நாள் சாயங்கால ஜெபத்தில். பெரிய வேதாகமத்தை மடியில் விரித்து நீங்கள் வாசிப்பீர்கள், நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து கேட்போம். அன்று உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் வாய் சங்கீதப் புத்தகத்தின் ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. மடியில் திறந்திருந்ததோ வேதாகமத்தின் வேறொரு பகுதி, எஸ்தர் புத்தகம். ஒரு சொல் பிசகாமல் முழுவதும் சொல்லி முடித்து, சரியான நேரத்தில் பக்கத்தைக்கூடத் திருப்பினீர்கள்.

மறுநாள் அவர் ரயிலுக்குப் போன பிறகு சமையலறையில் கேட்டேன்.

"அத்தை, நேத்து எஸ்தர் திறந்திருந்துச்சு."

அரிந்துகொண்டிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தீர்கள். பிறகு, "சாமுகிட்ட சொன்னியா?" என்றீர்கள்.

"இல்ல."

"சொல்லாதே."

சர்க்கரை வியாதி கண்ணுக்குப் பின்னால் ரத்தத்தைக் கசியவைக்கிறது, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று எழும்பூரில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆள் முகம் தெரியாது. அந்தக் கண்ணோடு நீங்கள் கிழக்குத் தாம்பரம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். பாடப்புத்தகம் மனப்பாடம். கரும்பலகையில் கை பழகியிருந்தது. நோட்டுத் திருத்துவதுதான் முடியவில்லை.

"ஏப்ரல்ல ரிட்டயர் ஆகப் போறேன். பிள்ளைங்க முழுப்பரீட்சை எழுதிடட்டும். அது வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. என்னை மாலை போட்டு வழியனுப்பணும், ஸ்டெல்லா. கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாது."

நீங்கள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. நான் சம்மதித்தேன். பாசத்தால் இல்லை அத்தை. புது இடத்தில் நான் தேவை என்று ஒருவர் சொன்னது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தினமும் காலையில் உங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது என் தோளை லேசாகத் தொட்டுக்கொள்வீர்கள். மாமியாரும் மருமகளும் தோழிகள் மாதிரி போகிறார்கள் என்று தெருவே மெச்சியது. வழியில் நாம் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாயங்காலம் நாற்பது நோட்டுகள். நான் வாசிப்பேன், எத்தனை மார்க் என்று நீங்கள் சொல்வீர்கள், உங்கள் கையெழுத்தை வைத்துப் பழகி, சிவப்பு மையில் நான் எழுதுவேன். நன்றாக எழுதிய பிள்ளைக்கு அடியில் 'நன்று' என்று போட வேண்டும். "'று'வுக்கு வால் நீளமாப் போட்டுட்டியா? நான் அப்படிப் போட மாட்டேன்" என்பீர்கள். பேனா ஓடும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பீர்கள்.

அவர் ஏழு மணிக்கு வீடு வரும்போது நாம் உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம். என்ன ரகசியம் என்பார். ஸ்கூல் வேலை என்பீர்கள். பல்லாவரத்தில் சினிமாவுக்குக் கூப்பிட்டார், போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூப்பிட்டார், அன்று மாதத் தேர்வுத் தாள்கள். ஒருநாள் சட்டையைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்று கேட்டார்.

"நீ கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, எங்கம்மாவையா?"

"மெதுவாப் பேசுங்க. அத்தை காதுல விழும்."

"விழட்டுமே. என்கூட வந்து பத்து நிமிஷம் உக்கார உனக்குப் பிடிக்கலன்னா சொல்லிடு."

அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அடுத்த ரயிலில் வர ஆரம்பித்தார், அப்புறம் அதற்கும் அடுத்ததில். கொடைக்கானலில் ஏரிக்கரையில் என் செருப்பு அறுந்தபோது அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்த மனிதர் இவர்தானா என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய அலுப்பு வந்திருந்தது.

மார்ச்சில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கி, காய்ச்சலில் படுத்துவிட்டேன். நீங்கள் தனியாகவே பள்ளிக்கூடம் போனீர்கள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு மருந்து வாங்க அவர் லீவு போட்டார். காலையில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார்.

அங்கே நடந்ததை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

கேட் திறந்துதான் இருந்திருக்கிறது. சைக்கிளும் மாட்டு வண்டியும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் மட்டும் ஓரமாகக் குடையை ஊன்றி நின்றிருக்கிறீர்கள். அம்மா ஏன் நிற்கிறார் என்று பக்கத்தில் வந்து, ஒரு கை தூரத்தில், உங்கள் முகத்துக்கு நேரே நின்றார் உங்கள் மகன். நீங்கள் அவரைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"தம்பி, கேட் திறந்திருக்கான்னு கொஞ்சம் பாருப்பா."

பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரர்தான் பதில் சொன்னார். "தொறந்துதான் கீது, போங்க டீச்சரம்மா." அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "மூணு நாளா இப்டித்தான் சார். யார்னா ஒருத்தரக் கேட்டுகினுதான் போறாங்க" என்றார்.

"திறந்திருக்கும்மா" என்றார் உங்கள் மகன்.

குரலைக் கேட்டதும் உங்கள் கை குடையிலிருந்து நழுவியதாம். கீழே விழுந்த குடையை அவர் எடுத்துக் கொடுத்தார். உங்களைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்கு வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். மருந்து வாங்க மறந்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நாம கொடைக்கானல்லேர்ந்து வந்த மூணாம் நாள்லேர்ந்து."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். உங்கள் கண்ணுக்காகவா, அதை நாம் அவரிடம் மறைத்ததற்காகவா என்று நான் இன்று வரைக்கும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரே நோட்டுக் கட்டை எடுத்து உங்கள் அறையில் வைத்தார். "ஏப்ரல் வரைக்கும்தானேம்மா?" என்றார். நீங்கள் தலையசைத்தீர்கள். அவர் வாசித்தார், நீங்கள் மார்க் சொன்னீர்கள். இரண்டு நோட்டு முடிந்ததும், "உன் கையெழுத்து எனக்குத் தெரியும்டா. பிள்ளைங்க பயந்துடும். வாசிச்சு மட்டும் வை, ஸ்டெல்லா எழுந்து வரட்டும்" என்றீர்கள். வீங்கிய கன்னத்தோடு அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்து, சிரிக்க முடியாமல் வலித்தது.

முழுப்பரீட்சை முடிந்தது. உங்களுக்கு மாலை போட்டார்கள். நானும் பின்வரிசையில் நின்றிருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உங்கள் கையில் பூ கொடுத்தார்கள். "வசந்தா, டீச்சர்." "மோகன், டீச்சர்." "ரூபி, டீச்சர்." நாற்பது பேரும் தங்கள் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நல்ல ஒழுங்கு என்று தாளாளர் பாராட்டினார். திரும்பி வரும் வழியில், "பிள்ளைங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "நான் சொல்லல" என்றீர்கள். "பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து அப்படித்தான் வருதுங்க. ஒண்ணுகூட வீட்ல சொல்லல."

அதோடு கதை முடிந்திருந்தால் எழுதுவதற்கு இனிமையாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் இன்னும் இரண்டு வருஷம் இருந்தீர்கள். மழைக்காலத்துக்குள் மிச்ச வெளிச்சமும் போனது. காலில் புண் வந்தது, ஒரு விரலை எடுத்தார்கள். அப்புறம் முகமும் காலும் வீங்கத் தொடங்கின. காலையும் மாலையும் கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து உங்களுக்கு ஊசி போட்டேன். இடுப்பில் என் கைக்குழந்தை. துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த துணி. நானும் அவரும் அப்போது பேசிக்கொண்டதெல்லாம் "அம்மா சாப்பிட்டாங்களா?", "சலவை சோடா தீந்துபோச்சு" என்பது மாதிரிதான். காதல் கல்யாணம் செய்துகொண்ட இருவர் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டே பேசும் பேச்சு. அவர் சாயங்கால ரயிலை மட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவிடவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷம் ஒருநாள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்களுக்குச் சுகம் கேட்டு ஏற்றியதாக அவரிடம் சொன்னேன். நான் கேட்டது அதுவல்ல. முடிந்துபோகட்டும் என்று கேட்டேன்.

அதே வாரம்தான் என்று நினைக்கிறேன். மத்தியானம். குழந்தை தூங்கியிருந்தான். உங்கள் அறைக்குள் வந்தேன். உங்களுக்கு எதுவும் கொண்டுவரவில்லை. எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சத்தம் வராமல் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். நீங்கள் தூங்குவதாக நினைத்தேன்.

"ஸ்டெல்லா?" என்றீர்கள்.

எழப் போனேன்.

"எழுந்திருக்காதே. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"நான்னு எப்படித் தெரியும் அத்தை?"

"மத்தவங்க எல்லாரும் குரல் கொடுத்துட்டுத்தான் வருவாங்க. பேச முடியாத அளவுக்குக் களைச்சுப் போனவ இந்த வீட்ல நீ ஒருத்திதான்." பிறகு, "நீ வேண்டாம்னு நான் சொன்னது உனக்குத் தெரியும்ல?" என்றீர்கள்.

"தெரியும்."

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே மின்சார ரயில் ஒன்று போனது, அப்புறம் இன்னொன்று. நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். குழந்தை அழும் வரைக்கும் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து நீங்கள் போனீர்கள்.

இப்போது எனக்கு மருமகள் இருக்கிறாள். ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, சில நாள் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். என்ன ஆச்சு, ஏன் லேட்டு, சாப்பிட்டியா என்றெல்லாம் வாய்வரைக்கும் வரும். கேட்பதில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறேன்.