கயிறிழுப்பில் எட்டாவது ஆள்

மொன்ட்ரியால்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அத்தானுக்கு,

மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

இன்று ஸ்கொட்லாந்துக்காரரின் விளையாட்டு விழாவுக்குத் தனியே போனேன். பாவாடை கட்டிய ஆண்கள் பெரிய மரக்குற்றியைத் தூக்கி எறிந்தார்கள். பெண்களின் கயிறிழுப்புக்கு எட்டுப்பேரில் ஓராள் குறைய, என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வென்றுவிட்டோம்! உள்ளங்கை கொஞ்சம் உரிந்தது, பயப்பட வேண்டாம்.

பிறகு படம் எடுக்க எல்லோரும் தங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்று இழுத்த தமிழ் அக்கா, "உம்மட மனுசன் வரேல்லையோ?" என்று கேட்டா.

"வந்தவர் அக்கா, அந்தா நிக்கிறார்" என்று, நீங்கள் நிற்பதுபோல் சனத்துக்குள் கையைக் காட்டிவிட்டேன்.

"அப்ப கூட்டிக்கொண்டு வாருமன்."

தேடுவதுபோல் மைதானத்தை இருமுறை சுற்றிவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது நீங்கள் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றையும் வையுங்கள். தோய்க்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள்
கௌசலா