ஐந்தாம் தொட்டியின் குட்டிகள்

தளநாள் 402, காலை 07.10
செவ்வாய்த் தளம், மீன் கூடம். பதிவு: பிரதீபன். ஐந்து தொட்டிகளிலும் நீர்ச்சூடு சரி, ஆக்சிஜன் சரி. தளத்தில் ஆள் நான் ஒருவன்தான்.

பிளாட்டி, வாள்வால் இரண்டுமே குட்டி போடும் மீன்கள். பாசியைத் தின்று வளரும். காயவைத்து அரைத்தால் நமக்குப் புரதம். வரப்போகும் நால்வரும் நானும் இதை நம்பித்தான் இருக்கிறோம். கப்பலில் உணவு ஏற்றினால் எடை கூடுமாம். பூமியில் உட்கார்ந்து இயக்குநர் ரங்கபாஷ்யம் போட்ட கணக்கு. இப்போது புது யோசனை: இரண்டையும் கலந்து பிறந்ததை மறுபடி வாள்வாலோடு சேர்க்க வேண்டுமாம். மீன் பெரிதாகுமாம்.

தளநாள் 409, காலை 07.25
பிளாட்டியின் கறுப்புப் புள்ளியை அடக்கி வைக்க அதனிடமே ஒரு மரபணு உண்டு. வாள்வாலிடம் அது கிடையாது. திரும்பத் திரும்ப வாள்வாலோடு சேர்த்தால் அடக்க ஆளில்லாமல் புள்ளி புற்றாகும். இது கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பாடம். இயக்குநருக்கு எழுதினேன். அவர் பதில்:

"தம்பி, தியரி எங்களுக்கும் தெரியும். நீங்க குட்டியை எண்ணி அனுப்புங்க, போதும்."

நான்கு தொட்டிகள் அவர் இஷ்டத்துக்கு. ஐந்தாவதில் பிளாட்டியை மட்டும் வைத்திருக்கிறேன். இவர்களிடமிருந்து எதையாவது காப்பாற்ற வேண்டுமே.

தளநாள் 577, மாலை 16.40
நான்கு தொட்டிகளிலும் கறுப்புக் கட்டிகள். வால் அழுகி, குட்டி போடும் முன்பே சாகின்றன. நான் சொன்னபடியே. ஐந்தாம் தொட்டி போதும், சமாளிப்பேன்.

பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து அதன் தலைவி எஸ்தர் அக்கா, தூத்துக்குடிக்காரி:

"ஏல பிரதீபா, புளி எடுத்துட்டு வாரேன். நீ கொழம்பு வைக்காண்டாம், அத யாரு திங்க."

தளநாள் 590, காலை 06.05
ஐந்தாம் தொட்டியில் ஓர் ஆண் மீனுக்கு, வாள்வாலுக்கு இருப்பதுபோல, வாலில் வாள் முளைத்திருக்கிறது. மற்றவற்றின் முதுகில் கட்டிகள்.

பெண் பிளாட்டிகளை, வாள்வால் ஆண்களும் இருந்த பொதுத் தொட்டியிலிருந்துதான் எடுத்தேன். ஒரு பிரசவம் ஆகட்டும், அதன்பின் பிறப்பதெல்லாம் சுத்தப் பிளாட்டி என்று நினைத்தேன். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும்; அடுத்தடுத்த ஈற்றுக்கும் அது போதும். முதலாம் ஆண்டுப் பாடம். ரங்கபாஷ்யத்துக்குப் பாடம் எடுத்த பெரிய மேதை நான்.

கப்பல் நாளை கிளம்புகிறது. உணவு ஏற்ற நிறுத்தினால், பூமியும் செவ்வாயும் மறுபடி நெருங்கும் அடுத்த வாய்ப்பு இருபத்தாறு மாதம் கழித்து. கிடங்கில் இருப்பது ஒருவனுக்கு ஒன்பது மாத உணவு.

தளநாள் 590, காலை 09.30
பூமி: "பதறாதீங்க தம்பி. அமைச்சர் கொடியசைக்க வர்றார். நாலு பேரும் அங்க வந்து சேர்ந்ததும் பேசிக்கலாம்."

வந்ததும் ஐந்து பேரும் எதைத் தின்றுகொண்டு பேசுவது? கப்பலுக்கே நேராக அனுப்பினேன்: மீன் இல்லை, கிளம்பாதீர்கள்.

தளநாள் 590, காலை 10.50
எஸ்தர்: "நாங்க கெளம்பல. நீ என்னத்தல திம்ப?"

என் பதில்: "எனக்கு ஒருத்தனுக்குத் தாராளமா இருக்குக்கா. பொய் சொல்ல நான் என்ன இயக்குநரா?"

நம்பிவிட்டாள்.

தளநாள் 871
நேரம் பார்க்கவில்லை. தொட்டிகள் காலி. கிடங்கும்.

கண்டெடுப்பவருக்கு. மீன் கொண்டுவந்தால், ஆணா பெண்ணா என்று தெரிய ஆரம்பித்ததுமே பெண் குட்டிகளைத் தனியே பிரித்துவிடுங்கள். இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான்