சம்பல் கறை படிந்த பட்டியல்

14 அக்டோபர் 1997, செவ்வாய்

எங்கள் தொழிற்சாலையில் லீவு கேட்பதும் இப்போது கம்ப்யூட்டர் ஃபாரத்தில்தான். ஒரு ஃபாரம் இன்னொன்றை நம்பி ஓடும். எதை எது நம்பியிருக்கிறது என்று தேடிப் பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது. ஃபாரங்களைச் செய்பவள் நான்; தேடினேன். சூப்பர்வைசர் பெயர்கள் உள்ள பழைய ஃபாரத்தைப் பதினொரு ஃபாரங்கள் நம்பியிருந்தன. பட்டியலை அச்செடுத்து மேனேஜர் குணாவின் மேசையில் வைத்தேன். மனிதர் அதன்மேல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய்ப்பால் சோற்றை மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பழைய ஃபாரத்தை அழித்தும் விட்டார்.

அன்றிலிருந்து யார் கேட்ட லீவும் எந்த சூப்பர்வைசருக்கும் போகவில்லை. இன்று பெம்பான் ஊரிலிருந்து வேலைக்கு வரும் லெட்சுமி அக்கா என்னிடம் வந்து அழுதார்.

"நாளைக்கு மகளுக்கு நிச்சயம்மா. லீவு கேட்டு நாலு நாளாச்சு, ஒரு பதிலும் வரல."

குணா எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். "ஃபாரம் செய்றது நீதானே? முதல்லயே சொல்லணும் லா!"

அந்தப் பட்டியல் அவர் மேசையிலேயே சம்பல் கறையோடு கிடந்தது. எடுத்து முகத்துக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும். நான் "சாரி சார்" என்றேன்.

அக்காவின் லீவைக் காகிதத்தில் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். பட்டியலை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அந்த சாரியை எப்படித் திரும்ப வாங்குவது?