தராசில் ஈரம்

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் விட்டுப்போன மேசையில் உட்கார்ந்திருப்பவள் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சொரணைதான் கொஞ்சம் கூடிவிட்டது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கடல் தாண்டிய பிறகு ஆய்வகத்தில் பெரிய மாற்றம் இல்லை. புகை உறிஞ்சும் பெட்டியின் கண்ணாடிக் கதவு இன்னும் பாதியில் சிக்கிக்கொள்கிறது. குடுவை கழுவும் தொட்டிக்கு மேலே நீங்கள் ஒட்டிய ‘உன் அழுக்கை நீயே கழுவு’ சீட்டு நனைந்து நனைந்து ‘உன் அழுக்கை நீயே’ என்பதோடு நிற்கிறது.

என் ஆராய்ச்சிப் படிப்பு எதுவரை வந்தது என்று கேட்டிருந்தீர்கள். பாடத் தேர்வுகள் முடிந்தன. தகுதித் தேர்வில் குழு என்னை வறுத்தெடுத்தும் தேறிவிட்டேன். ஒரு கட்டுரை அச்சாகிவிட்டது. இன்னொன்றும் வந்தால் ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்கு நிற்கலாம். எப்போது முடிப்பாய் என்று கேட்பதையே அம்மா நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சிக்கல் அந்த இரண்டாவது கட்டுரையில். அது நீங்கள் முதன்முதலில் தயாரித்த பொருளிலிருந்து தொடங்குகிறது. உங்கள் ஆய்வேட்டில் விளைச்சல் தொண்ணூறு சதவீதம், கணக்குப்படி நூறு கிராம் வர வேண்டிய இடத்தில் தொண்ணூறு கிராம். எனக்கோ அறுபதைத் தாண்டவில்லை. கைடு என் கைராசியைக் குறை சொன்னார், நானும் நம்பினேன். கரைப்பானை மறுபடி காய்ச்சி வடித்தேன், குடுவையை மாற்றினேன், கும்பிடாத தெய்வமில்லை.

போன மாதம் உலர்த்தும் அடுப்பு பழுதாகிவிட்டது. பொறுமை இல்லாமல், வடிகட்டிய பொடியை அப்படியே எடை போட்டேன். மாவு மாதிரிதான் இருந்தது, விரலில்கூட ஒட்டவில்லை. கணக்குப் போட்டால் தொண்ணூறு. தலைகால் புரியவில்லை எனக்கு. அடுப்பு சரியாகி, உலர்த்தி எடுத்தால் பழைய அறுபது. மிச்சமெல்லாம் பொடிக்குள் பதுங்கியிருந்த கரைப்பான். அக்கா, நீங்கள் ஈரத்தோடு எடை போட்டிருக்கிறீர்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். அந்த நாட்களில் கைடு உங்கள் பின்னாலேயே நின்று நம்பர் எங்கே, நம்பர் எங்கே என்று துளைத்ததை நானும் பார்த்தவள்தான். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் இருக்கிறது.

கைடிடம் போய்ச் சொன்னேன். அறைக் கதவைச் சாத்தினார். நானும் தொண்ணூறு என்றே போட்டுவிட்டால் கட்டுரைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றதும் பாசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அவ உனக்கு அக்கா மாதிரி. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

“நெஞ்சுல இருக்கு சார். தராசுலதான் இருக்கக் கூடாது.”

அன்றிலிருந்து என் மேசையைக் கடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். போகட்டும். அறுபது என்றுதான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆய்வுக் குழுவிடம் போவேன், அவர்களும் மறுத்தால் அவர்களுக்கு மேலே இருப்பவர்களிடம் போவேன். இத்தனை வருஷம் குடுவை கழுவியவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் கழுவத் தெரியாதா?

இதற்கிடையில் உங்களிடம் போனில் நம்பர் ஒத்துவரவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். எல்லாரும் செய்வதுதான், அனுசரித்துவிட்டு வெளியே வா என்றீர்கள். வைத்த பிறகுதான் உறைத்தது. கண்ணாடிக் கம்பி முதற்கொண்டு எதைத் தொட்டாலும் ‘உலர்த்தினியா?’ என்று கேட்டுக் கேட்டே என்னை ஆளாக்கியவர் நீங்கள். அன்றைக்கு மட்டும் அதைக் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுவில்தான் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். முன்பு தொண்ணூறு எப்படி வந்தது என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். நான் மழுப்ப மாட்டேன். அதற்கு முன்னால் உங்கள் ஆய்வேட்டுக்கான திருத்தத்தை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, முதல் கேள்வியாக அந்தப் பழைய கேள்வியையே கேளுங்கள்.

உலர்த்தினேன் அக்கா என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும் எனக்கு.

உங்களிடம் தராசு பிடிக்கக் கற்ற,
தங்கை